கடைசி வீட்டுக்குப் படம்

10.06.2003, செவ்வாய்

இன்றைக்கும் முறைப்பாடு. படம் புள்ளி அடிக்கிறதாம். அடிக்காமல் வேறு என்ன செய்யும்? கோயில் வளவில் நிற்கிற டிஷ் பிடிப்பது ஒரே ஒரு சிக்னல். அது எங்கள் வீட்டு றிசீவருக்கு வந்து, இங்கிருந்து ஒரே வயரில் குறிச்சி முழுக்கப் போகிறது. ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் வயரைப் பிரிக்கிற சின்னப் பெட்டி ஒன்று. பிரிக்கப் பிரிக்கப் படம் மெலியும். நடுவில் பூஸ்டர் வைத்து ஏற்றினால் படத்தோடு சேர்ந்து புள்ளியும் ஏறும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியாயிற்று. எல்லாம் கேட்டுவிட்டு, சரவணையில் சதீசனின் லைன் கண்ணாடி மாதிரி என்பார்கள். அப்படியென்றால் சரவணையில் போய் இருங்கள்.

இவருக்குக் கம்பத்தில் ஏறினால் தலை சுற்றும். அதனால் ஏறுவது நான். இவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ஓம் சொல்லுவார். குசினிக்கும் ஒரு ரீவி வைக்கப் போகிறோம் அன்ரன் — ஓம். தம்பி வீட்டுக்கும் ஒன்று இழுத்து விடுவீரோ — ஓம். இவருடைய ஒவ்வொரு ஓமுக்கும் என் வயரில் ஒரு பெட்டி கூடுகிறது. அன்ரனிதாஸ் நல்ல மனுசன் என்று ஊர் சொல்கிறது. பெண்சாதி பொல்லாதவள். இருக்கட்டும்.

12.06.2003

வள்ளமும் வலையும் வைத்திருக்கிற சம்மாட்டி அம்புறோஸ் வீட்டுக்குப் பின்னால் மூன்று கள்ள இணைப்பு. மூன்றையும் அறுத்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கையில் குறடு இருந்தது.

15.06.2003, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வருகிறேன். மச்சாள் நாலு பெண்களுக்கு நடுவில் நின்று, எனக்குக் கேட்கட்டும் என்றே சொல்கிறாள்:

"கழுத்தில தாலி, கையில குறடு. தம்பி பொம்பிளையைத்தான் கட்டினவனோ தெரியேல்லை."

மச்சாள் என்றால் இவருடைய அக்கா, அல்போன்சம்மா. புருசன் செத்துப் போனான். ஒரே மகன் ஜெனோசன் பாரிஸில். எங்களுக்குப் பக்கத்து வளவு, நடுவில் ஒரு மதில். வெளியில் நான் அவளை நீங்கள் என்றுதான் கூப்பிடுகிறேன். இந்தக் கொப்பியில் அவளுக்கு அந்த மரியாதை கிடையாது.

இவர் கேட்டும் கேளாதவர் மாதிரிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு காலில் இருந்தது.

16.06.2003

கோபம் ஆறவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

போன வருசம் பாரிஸில் இருக்கிற எங்கள் ஊர்ச் சங்கம் டிஷ்ஷும் றிசீவரும் வாங்கிக் கோயிலுக்கு அனுப்பியது. வள்ளத்தை இடம்பெயர்ந்த காலத்தில் இழந்துவிட்டு நாங்கள் சும்மா இருந்தோம். பங்குச் சுவாமி எங்களிடம் லைனைத் தந்தார். அன்றைக்கே சண்டை. ஆருடைய வீட்டுக்கு முதல் இணைப்பு? சம்மாட்டி வீட்டுக்கா, சங்கத்தலைவரின் தாய் வீட்டுக்கா? கோயில் கமிற்றி மூன்று தரம் கூடி மூன்று தரமும் அடிபிடி. கடைசியில் மச்சாள்தான் எழும்பிச் சொன்னாள். திருநாள் சுற்றுப்பிரகாரத்தில் புனிதரின் சுருவம் எந்த ஒழுங்கில் வீடு வீடாகப் போகிறதோ அந்த ஒழுங்கில் வயரும் போகட்டும் என்று. எல்லாரும் வாயை மூடினார்கள். அந்த ஒழுங்கில் கைவைக்க இங்கே ஒருவருக்கும் துணிவில்லை.

அவள் ஏன் சொன்னாள்? சுருவம் கோயிலால் வெளிக்கிட்டுக் குறிச்சியைச் சுற்றி வந்து, திரும்பக் கோயிலுக்குள் போகமுதல் கடைசியாக நிற்பது அவளுடைய படலையில். அங்கேதான் சுருவம் வைத்த கூட்டைத் தோளிலிருந்து இறக்கி வைப்பார்கள். அங்கேதான் முழு மன்றாட்டும் படிப்பார்கள். குறிச்சியில் அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. கடைசி வீடு என்று சொல்லும்போதே அவளுக்குக் கழுத்து நீளும்.

நானும் அப்படியே இழுத்தேன். சுருவம் கடைசியாக வந்தால் பெருமை. சிக்னல் கடைசியாக வந்தால் வெறும் இரைச்சலும் புள்ளியும்தான். என் றிசீவரில் இருந்து அவளுடைய ரீவிக்கு ஒரு மதில்தான் தூரம். ஆனால் வயர் ஊரெல்லாம் சுற்றி, ஆளாளுக்குக் கொடுத்து, செத்துப்போய்த்தான் அவளிடம் வருகிறது.

திருத்த ஏலாதா? ஏலும். மதிலுக்கு மேலால் ஒரு வயரை எறிந்து, லைனுக்கு மற்ற முனையிலிருந்தும் சிக்னல் கொடுத்து, சம்மாட்டி வீட்டடியில் நடுவில் அறுத்துவிட்டால் சரி. ஒரு நீட்டு லைன் இரண்டு கட்டை லைன் ஆகும். எல்லாருக்கும் படம் நன்றாகும், அவளுக்குத்தான் எல்லாரிலும் நன்றாகும். கிறிஸ்மஸ் தொடக்கம் எனக்கு இது தெரியும். இவருக்கும் சொன்னேன்.

செய்ய மாட்டேன். அவள் வந்து, தன் வாயால், சுகந்தி எனக்குச் செய்து தாரும் என்று கேட்கட்டும். கேட்கும் வரைக்கும் புள்ளியைப் பார்க்கட்டும்.

29.06.2003, ஞாயிறு

பாரிஸில் இருந்து சுவாமிக்குச் செய்தி. எங்கள் ஆட்கள் அங்கேயும் இந்த வருசம் திருநாள் செய்கிறார்களாம். சுருவமும் செய்வித்திருக்கிறார்கள். பாரிஸ் தமிழ்ச் சனல் அதை நேரடியாகக் காட்டப் போகிறது. யூலை 27, ஞாயிறு, எங்களுக்குப் பின்னேரம்.

ஊர் பைத்தியம் பிடித்தது மாதிரி நிற்கிறது. எல்லா வீட்டிலும் ஒரு ஆள் அங்கே. பத்து வருசம், பன்னிரண்டு வருசம் முகம் பார்க்காத சனம்.

ஜெனோசன் தாய்க்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லியிருக்கிறான், தான் கூடு தூக்குகிறேன் என்று. மச்சாள் படலை படலையாகப் போய்ச் சொல்லிவிட்டாள். எங்கள் படலையை மட்டும் விட்டுவிட்டாள்.

06.07.2003, ஞாயிறு

கமிற்றிக் கூட்டம் சுவாமியின் அறைவீட்டில். சம்மாட்டிதான் தலைவர். கதிரையில் சதீசனும் இருந்தான், மடியில் புதுப் பூஸ்டர் ஒன்றை வைத்துக்கொண்டு. கூப்பிட்டது ஆர்? பதில் எல்லாருடைய முகத்திலும் இருந்தது.

முடிவு இதுதான். திருநாள் படம் கடைசி வீடு வரைக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். சங்கம் அப்படித்தான் கேட்கிறதாம். தெரியாவிட்டால் லைன் சதீசனுக்கு. எப்படித் தீர்மானிப்பது? சம்மாட்டி தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "கடைசி வீட்டில கேட்பம். அல்போன்சம்மா தெளிவெண்டு சொன்னால் லைன் உங்களுக்கு. இல்லையெண்டால் இல்லை."

அவளுடைய வாயில் என் சோறு. நல்லாயிருக்கு. நல்லாயிருக்கு!

இந்த வயரில் ஒரு முழமாவது இவர்கள் ஆராவது இழுத்தார்களா? வெயிலில் ஏணியில் நின்று, உள்ளங்கை பொத்துப்போய், ஆரிடமும் படிக்காமல், பிழைவிட்டுப் பிழைவிட்டுப் பிடித்த வேலை இது. சதீசன் வந்து கதிரையில் இருக்கிறான்.

07.07.2003

இவர் சொல்கிறார், அந்த வயரை எறிந்து விடும் சுகந்தி, அக்காவுக்கும் நல்லது எங்களுக்கும் நல்லது என்று. நான் சட்டியைப் பலமாக வைத்தேன்.

14.07.2003, திங்கள்

போனேன். ஓம், நானேதான் போனேன். வயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு அவளுடைய முற்றத்துக்குப் போனேன். உலை வைக்கிறதைப் பற்றி யோசித்துத்தான் போனேன், வேறொன்றுக்கும் இல்லை.

கருவாட்டைப் பிரட்டிக்கொண்டிருந்தாள். இரு என்று சொல்லவில்லை. நின்றபடியே விசயத்தைச் சொன்னேன். மதிலுக்கு மேலால் எறிந்தால் போதும், உங்கள் வீட்டிலிருந்து மற்றப் பக்கமாகத் தொடங்கும், உங்களுக்கு முதல்தரமாகத் தெரியும் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அப்ப என்ர வீடு முதல் வீடோ?" என்று கேட்டாள்.

சிக்னலுக்கு முதல் வீடு, சுருவத்துக்கு எப்போதும் போல்தான் என்றேன்.

நிமிர்ந்தாள். "என்ர படலைக்கு எல்லாம் ஊரைச் சுத்தித்தான் வரும். சுருவம் அப்பிடித்தான் வருது. நீர் மதிலால எறியிறதைப் பொறுக்கிப் பார்க்க நான் ஆளில்லை."

நல்ல படத்தை வாங்கு வாங்கு என்று நான் கெஞ்ச, வேண்டாம் என்று அவள் நிற்கிறாள். உலகத்தில் இப்படி ஒரு கூத்து எங்கேயாவது நடக்குமா? படலையைச் சாத்தாமல் வந்தேன். அவளுடைய கோழியெல்லாம் தெரு ஒழுங்கைக்கு வந்திருக்கும். வரட்டும்.

18.07.2003

மூன்று நாளாக ஏணியும் நானும். கமிற்றிக்குத் தெரியாமல் இவர் ஓம் சொன்ன பெட்டிகளில் ஒன்பதைக் கழற்றினேன். துருப்பிடித்த முனைகளை வெட்டிப் புதிதாகப் பூட்டினேன். சம்மாட்டி வீட்டடிப் பூஸ்டரை மாற்றினேன். முந்திய நிலையைவிடத் திறம். ஆனால் கடைசி நாலைந்து வீட்டில் ஆளை ஆள் என்று தெரியுமே தவிர, ஆர் என்று தெரியாது. வயர் நீளத்துக்கு நான் என்ன செய்ய?

25.07.2003, வெள்ளி

எங்கள் திருநாள். பின்னேரம் சுற்றுப்பிரகாரம். மச்சாளின் படலையில் கூட்டை இறக்கினார்கள். வெள்ளைச் சேலையில் முழங்காலில் நின்றாள். மகனுக்காக அழுதாள் போல. நான் எதிர்ப்பக்கத்தில் நின்று, ஞாயிறு கழிந்ததும் இவள் என் வயிற்றில் அடிக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு மன்றாட்டுக்குப் பதில் சொன்னேன். இது பாவமா? பாவசங்கீர்த்தனத்தில் சொல்லப் போவதில்லை.

27.07.2003, ஞாயிறு

கரண்ட்டை நம்பவில்லை. ஜெனறேற்றர் வைத்தோம். இவரைச் சம்மாட்டி வீட்டடிப் பூஸ்டரோடு நிற்கச் சொல்லி அனுப்பினேன், ஆரும் கைவைக்காமல். வீட்டில் நானும் றிசீவரும். டெக்கில் கசற்றைப் போட்டுப் பதியவும் விட்டேன்.

தொடங்கியது. பாரிஸ் ரோட்டில் எங்கள் சனம். ஞானசவுந்தரியின் மகன் எவ்வளவு கொழுத்துப் போனான். ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சத்தம் வந்தது, அந்தா என்ர பிள்ளை, அந்தா அந்தா என்று. என் வயரில்தான் போகிறது இவ்வளவும். கொஞ்ச நேரம் எனக்கு எல்லாம் மறந்துபோய்ச் சந்தோசமாக இருந்தது.

பிறகு கூடு வந்தது. நான் ஜெனோசனைத் தேடினேன். நல்ல எண்ணத்தில் இல்லை. தாய்க்கு முதல் நான் பார்க்க வேண்டும் என்றுதான். அவள் புள்ளிக்குள் தடவிக்கொண்டிருக்க நான் வடிவாகப் பார்த்தேன் என்று நாளைக்குச் சொல்ல வேண்டும் என்று.

கூடு தூக்கினவர்கள் எல்லாருடைய முகத்தையும் கமெரா காட்டியது. அவன் இல்லை.

நிகழ்ச்சி முடிந்தபிறகு கசற்றைத் திருப்பிப் போட்டேன். கூட்டத்துக்குள் தேடினேன். கொடி பிடித்தவர்கள், பாட்டுக்காரர், பின்னால் பிள்ளை வண்டில் தள்ளுகிறவர்கள். சின்ன வயதில் என் மடியில் கிடந்த பொடியன் அவன். தோளை ஒரு பக்கம் சரித்துத்தான் நடப்பான். கண்டால் விடமாட்டேன். இல்லை. இரண்டு தரம் பார்த்தேன். அவன் அங்கே இல்லவே இல்லை.

28.07.2003, திங்கள்

வந்ததும் எழுதுகிறேன்.

அறைவீட்டில் எல்லாரும். சதீசன் இன்றைக்கும் கதிரையில். நான் சண்டைக்கு ஆயத்தமாகத்தான் போனேன். கசற்றும் என் பையில் இருந்தது. அவள் தெளிவில்லை என்று சொன்னால், உன் மகனே அங்கே இல்லை, உனக்கு என்ன தெளிவு வேண்டும் என்று எல்லாருக்கும் முன்னால் கேட்பது என்று முடிவோடு போனேன்.

சம்மாட்டி கேட்டார். மச்சாள் எழும்பினாள்.

"தெளிவு," என்றாள். "கண்ணாடி மாதிரி. என்ர பிள்ளை கூட்டின்ர முன்கொம்பைத் தோளில வைச்சுக்கொண்டு வந்தவன். வெள்ளைச் சேட். கொஞ்சம் மெலிஞ்சு போனான்."

முன்கொம்பில் நின்றது ஆரோ ஒரு கரம்பொன் ஊர்ப் பொடியன்.

சதீசன் பூஸ்டரை உறைக்குள் வைத்தான். சம்மாட்டி, லைன் அன்ரனிதாசுக்கே என்றார். அன்ரனிதாசுக்காம். என் பெயரைச் சொல்லக்கூட ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஆனால் எனக்கு அது கோபமாக வரவில்லை. அவள் என்னைப் பார்க்காமல் போனாள். எனக்காகச் சொன்னவள் இல்லை. மகனைக் கண்டேன் என்று சொல்ல வேண்டுமென்றால் படம் தெளிவு என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

வெளியே சம்மாட்டியின் பெண்சாதி மேரிறோஸ் அக்கா என்னை மறித்து, ஜெனோசனைத் தான் காணவில்லையே, நீர் கண்டனீரோ என்று கேட்டா.

"கண்டனான் அக்கா. நீங்கள் உங்கட மருமகனைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பியள்."

லைனுக்காகத்தான் சொன்னேன். வேறு என்ன?

30.07.2003

ஊர்காவற்றுறைக்குப் போய்ப் பாரிஸில் இருக்கிற என் தம்பிக்கு ரெலிபோன் எடுத்தேன். ஜெனோசன் இரண்டு வருசமாக எங்கள் ஆட்களோடு சேருவதில்லையாம். விசா மறுத்துவிட்டார்களாம், வேலையும் போய்விட்டதாம், இப்போது வேறு பட்டினமாம். எங்கே என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. தாயோடு மட்டும் கதைக்கிறான். கதைத்துப் பொய் சொல்கிறான்.

எருமை. எட்டி ஒரு அறை விட ஏலாத தூரத்தில் இருக்கிறான்.

31.07.2003, வியாழன்

சனல்காரன் அறிவித்துவிட்டான். திருநாள் நிகழ்ச்சி வருகிற ஞாயிறு மறுபடியும்.

பின்னேரம் படலையில் ஆளரவம். மச்சாள். கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் அவள் என் படலையைத் திறந்து வந்தது இதுதான் முதல்தரம். இவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவள் இருக்கவில்லை.

"சுகந்தி, அந்த வயரை எங்கட பக்கம் எறிஞ்சு விடும். முதல் வீடோ கடைசி வீடோ, அதை விடும். நான் அவனை வடிவாப் பார்க்கேல்லை."

கேட்டுவிட்டாள். தன் வாயால், என் பெயரைச் சொல்லி. நான் கிறிஸ்மஸ் தொடக்கம் காத்திருந்த சொல். இவர் ஏற்கெனவே வயர்ச் சுருளைத் தேடிக்கொண்டிருந்தார்.

தெளிவாகக் காட்டினால் என்ன தெரியும் அவளுக்கு? முன்கொம்பில் நிற்கிற அந்நியன்தான் தெரிவான்.

"ஏலாது மச்சாள்," என்றேன்.

ஏன் என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். நல்ல காரணம் சொன்னால் இவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிடுவார். கோபப்படுத்தினால்தான் திரும்பிப் போவாள்.

"நீங்கள்தானே தெளிவெண்டு கமிற்றியில சொன்னனீங்கள்."

முகம் அப்படியே கறுத்தது. நான் அடித்திருந்தால்கூட அப்படி ஆகியிருக்காது. திரும்பினாள். படலையைச் சாத்திவிட்டுத்தான் போனாள்.

இவர் சுருளோடு நின்றார். "நீர் இவ்வளவு கல்நெஞ்சுக்காரியெண்டு நான் நினைக்கேல்லை. எங்களைக் காப்பாத்தின மனுசி அவ."

இவருக்குச் சொல்லலாமா? சொன்னால் ஒரு பொழுதுக்குள் அக்காவிடம் போய் அழுவார். இவரால் ஒளிக்க ஏலாது. ஓம் சொல்லித்தான் பழக்கம்.

03.08.2003, ஞாயிறு

மறுஒளிபரப்புக்கு முதல் தனியாக ஏணியைக் கொண்டுபோய்ச் சம்மாட்டி வீட்டடிப் பூஸ்டரைக் கழற்றினேன். சூடேறிப் பழுதாகிவிட்டது என்றேன். அங்கால் பக்கத்து வீடுகள் எல்லாம் ஏசின. போன கிழமை பார்த்ததுதானே, என்ன அவசரம் என்று நானும் திருப்பி ஏசினேன். மச்சாள் வீட்டில் இருந்து சத்தமே இல்லை. ரீவி இரைகிறது மட்டும் மதிலால் கேட்டது. நிகழ்ச்சி முடியும் வரைக்கும் அவள் நிறுத்தவில்லை.

இவர் இரவுச் சாப்பாடு அக்கா வீட்டில்.

05.08.2003

அந்தக் கசற்றில் ஒரு படத்தைப் பதிந்து விட்டேன். என்ன படமென்று பார்க்கவில்லை.

07.08.2003

இன்னும் கதைக்கிறார் இல்லை. ஏணியைப் பிடிக்க வருகிறார், பிடிக்கிறார், போகிறார். கீழே நின்று ஆருக்கும் ஓம் சொல்வதும் இல்லை. எனக்கு வாய்விட்டு அழ வேண்டும் போல இருக்கிறது. அவளில் இரக்கமா எனக்கு? இல்லை. இரக்கம் என்றால் இப்படி எரியாது. குறடு என்று என்னைச் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. அதையும் இதையும் சேர்த்து வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

12.08.2003, செவ்வாய்

இனி அந்த நிகழ்ச்சி வராது என்று சனலில் கேட்டு உறுதிப்படுத்திவிட்டார் சுவாமி. மச்சாள் சந்தைக்குப் போன நேரம் மதிலுக்கு மேலால் வயரை எறிந்து, அவளுடைய கூரை முனையில் பூட்டி, சம்மாட்டி வீட்டடியில் லைனை நடுவில் அறுத்தேன். ஏணியை ஒருவரும் பிடிக்கவில்லை. வேலை பிழைக்கவில்லை. குறிச்சி முழுக்கப் படம் நிற்கிறது.

பின்னேரம் தண்ணிக் குழாயடியில் மச்சாள் சொன்னாளாம், தான் சுவாமியிடம் முறைப்பாடு வைத்ததில் பயந்துபோய்த்தான் சுகந்தி வந்து பூட்டினவள், நல்ல மனமிருந்தால் தன் பிள்ளை ரீவியில் வந்த அன்றைக்கே பூட்டியிருப்பாள் என்று. மேரிறோஸ் அக்காதான் வந்து சொன்னா, நான் என்ன பதில் சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டு.

ஓம் அக்கா, பயந்துதான் பூட்டினனான் என்றேன்.